அமுதவள்ளி எரிக்காத பன்னிரண்டு தாள்கள்

லோகன் அண்ணன் அந்தக் குப்பியைச் சமையலறை மேசைமேல் வைத்தபோது அமுதவள்ளி அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மூடியிலேயே சொட்டுக்குழாய். ஒட்டியிருந்த தாளில் ஒரு பச்சை இலை, அதன் கீழே தாய்லாந்தின் சயாம் எழுத்தில் இரண்டு வரி.

"ஹாட்யாயிலேர்ந்து வந்திருக்கு. ரெண்டு சொட்டு நாக்குக்கு அடியில விட்டா போதுமாம். மார்க்கோட மச்சான் மகனுக்கு வலிப்பே நின்னுபோச்சாம் வள்ளி" என்றார் அண்ணன். அவர் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். மார்க் அவருடன் ஓட்டுபவர்.

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இதுல மருந்து எவ்வளவு இருக்கு?"

"ஒரு பாட்டில் இருக்கு லா."

"பாட்டில் கண்ணுக்குத் தெரியுது. ஒரு சொட்டுல எத்தனை மில்லிகிராம்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? விக்கிறவன் என்ன டாக்டரா?"

"அப்போ நீ ஏன் வாங்கின?"

அண்ணன் என்னைப் பார்த்தார். சாட்சிக்குத்தான் என்னை மாடியிலிருந்து கூட்டி வந்திருந்தார். நான் ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் என் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அது அதே அடுக்குமாடியின் நான்காவது மாடி, இவர்கள் மூன்றாவது. "இவ சயாம்லாம் சுத்திட்டு வந்தவ. நீயே கேளு, அங்க இது கடையில விக்கிற சாமான்தானே?"

சியாங்மாயில் தெருவுக்கு நாலு கடை பார்த்திருக்கிறேன் என்றேன். அது உண்மை.

"அங்க கடை. இங்க ஜெயில்" என்றார் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு குப்பியை எடுத்தார். கழிவறைக்குள் போய்க் கவிழ்த்தார். மூன்று முறை தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. பிறகு காலிக் குப்பியைப் பாத்திரச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தாளைச் சுரண்டி எடுத்து, பழைய பத்திரிகையில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

"அது மருந்துடி!" அண்ணனுக்குக் குரல் உடைந்தது.

"மருந்துன்னா அளவு இருக்கணும். நாளைக்குத் தாமரை விழுந்து எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போனா, என்ன குடுத்தீங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? இலை படம் போட்ட தண்ணின்னா?"

முன்னறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தாமரை தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, இப்ப நம்ம டாய்லெட்டுக்கு இனிமே வலிப்பு வராது."

தாமரை அவர்களுடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. ஐந்து வயதிலிருந்து வலிப்பு. சில நேரம் கண் நிலைகுத்தி உதடு துடிக்கும். சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் நின்ற இடத்திலேயே சரிந்து விழுவாள். அதற்காக வீட்டுக்குள்ளும் பஞ்சு வைத்த தலைக்கவசம் போட்டிருப்பாள். அந்த மாதம் மட்டும் இருபத்திரண்டு முறை வந்திருந்தது.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. காப்பாரில் பிறந்தவர். ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, இன்றுவரை அங்கேதான் வேலை. தரச் சோதனைப் பிரிவு. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஒரு முத்துப்போலத் தண்ணீர் வெளியே வந்து நிற்கும். வந்தால் எழுத வேண்டும். எண்ணிக்கை மிஞ்சினால் அந்த லாட், அதாவது சேர்ந்து தயாரான கட்டு முழுவதும், நின்றுவிடும். மேலாளர் வந்து, "அமுதா, ஒண்ணுதானே, விட்டுடேன்" என்று சொன்ன கதைகள் நிறைய அவரிடம் உண்டு. விட்ட கதை ஒன்றும் இல்லை.

மகளின் நோயையும் அவர் அப்படித்தான் கவனித்தார். கிள்ளானில் மளிகைக் கடைகள் ஆண்டுக்கொருமுறை கொடுக்கும் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்றைய கணக்கை எழுதுவார்: எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், என்ன மருந்து கொடுத்தது, தூங்கினாளா. மாதத்துக்கு ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு மைலோ டின்னுக்குள். பதினான்கு வருடத்துத் தாள்கள், ஆறு டின்.

குப்பியைக் கொட்டிய மறுவாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். "நீ இங்கிலீஷ்ல எல்லாம் படிப்பியே. இந்தக் கஞ்சா மருந்து நிஜமா, கதையா? மொதல்லேர்ந்து சொல்லு."

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் கீரை ஆய, நான் படித்துச் சொன்னேன். கனடாவில் ஒரு பண்ணையில் மூன்று மாதம் அந்தச் செடியின் இலைகளைக் கத்தரித்துக் கூலி வாங்கியவள் நான். ஆனாலும் அதன் வரலாறு எனக்கு அவருக்காகத் தேடிய பிறகுதான் தெரிந்தது.

நம் சித்த வைத்தியத்தில் அதற்குச் சித்தமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் பெயர் இருந்ததைச் சொன்னேன். வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தூக்கமின்மைக்கும் லேகியமாகவும் சூரணமாகவும் கொடுத்திருக்கிறார்கள், சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்பது விதி என்றேன். அவர் தலையாட்டினார். "அளவு எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

1839இல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியில் வேலைபார்த்த ஓர் ஐரிஷ் மருத்துவரைப் பற்றிச் சொன்னபோது கீரையைக் கீழே வைத்துவிட்டார். அந்த மருத்துவர் ஊர் வைத்தியர்களிடம் கேட்டு, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர் எழுதிவைத்த நோயாளிகளில் ஒருத்தி நாற்பது நாள் பெண் குழந்தை. ஓயாத வலிப்பு. வேறு எதற்கும் கேட்கவில்லை. கஞ்சாச் சாற்றில் ஒரு சொட்டு நாக்கில் விட்டார். பலனில்லை. பிறகு இரண்டு சொட்டு. குழந்தை தூங்கியது. வலிப்பு மறுபடி வந்தது, அளவைக் கூட்டினார். கடைசியில் குழந்தை பிழைத்தது.

"ஒரு சொட்டு, அப்புறம் ரெண்டு சொட்டு. மணி எழுதியிருக்காரா?"

"எழுதியிருக்காரு."

"நல்ல ஆளு" என்றார் அக்கா, தன் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்குப் பின் அந்தச் சாறு லண்டன் மருந்துக்கடைகள்வரை போனதையும், அரசாங்க மருந்துப் பட்டியலில் இருந்ததையும், 1930களில் பட்டியலிலிருந்து நீங்கியதையும் சொன்னேன். சட்டங்கள் இறுகியது ஒரு காரணம். ஒவ்வொரு குப்பியும் ஒவ்வொரு வீரியத்தில் இருந்தது இன்னொரு காரணம். ஒரு குப்பியில் பத்துச் சொட்டு வேலை செய்யாது, அடுத்த குப்பியில் அதே பத்துச் சொட்டு ஆளைச் சாய்த்துவிடும்.

"அதான் நானும் சொன்னேன். லாட்டுக்கு லாட் வேற வேற" என்று லோகன் அண்ணன் இருந்த உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

1961இல் உலக நாடுகள் சேர்ந்து அதை மிகக் கொடிய போதைப்பொருள்களோடு வைத்தன. ஆனால் அந்தச் செடியில் போதை தரும் பொருள் வேறு, போதை தராமல் வலிப்பை அடக்கும் பொருள் வேறு என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 1980இல் பிரேசிலில் எட்டு நோயாளிகளுக்கு இரண்டாவது பொருளைக் கொடுத்துப் பார்த்ததில் நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. 2018இல்தான் அமெரிக்காவில் அது மருந்தாகக் கடைக்கு வந்தது.

அக்கா விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தெட்டு வருஷம். நாலு பேருக்கு நின்னுருக்கு, அப்புறமும் முப்பத்தெட்டு வருஷம்." கீரைத்தண்டை ஒடித்தார். "சரி. எனக்கு அந்த மருந்துதான் வேணும். அளவு போட்ட மருந்து. பெர்மிட்டோட."

அடுத்த மாதம் கோலாலம்பூரில் அவர்கள் வழக்கமாகப் போகும் அரசு மருத்துவமனைக்கு நானும் போனேன். நரம்பியல் நிபுணர் டாக்டர் ஜோஆன் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், தமிழில்தான் பேசுவார். அன்று தாமரை வரவில்லை. காலையிலேயே இரண்டு முறை விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அக்காவின் கோரிக்கையை முழுவதும் கேட்டார். "அக்கா, இந்த மருந்து இங்க ரிஜிஸ்டர் ஆகல. தாமரை பேருக்குத் தனியா பெர்மிஷன் கேக்கணும். கேக்கலாம். ஆனா முதல் கேள்வியே இதுதான் வரும்: ரெண்டு மருந்தாவது சரியான அளவுல, ஒழுங்கா குடுத்துப் பார்த்தீங்களா? அப்பவும் கேக்கலயா?" கோப்பைப் புரட்டினார். "ரெண்டு இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த கேப்சூல், ஃபெயில். அதுக்கப்புறம் இந்த மாத்திரை, அதுவும் ஃபெயில். போதும். உங்க காலண்டர் தாள் எல்லாத்தையும் அடுத்த தடவை கொண்டு வாங்க. காப்பி எடுத்துச் சேர்த்து அனுப்பலாம். இவ்வளவு சுத்தமான ரெக்கார்ட் நான் பார்த்ததே இல்ல."

நான் எழுந்து கும்மாளம் போடாத குறை. அக்கா, "சரி டாக்டர்" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம்வரை வந்தோம். பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசையின் முன்நடையான ஐந்தடியில் போட்டிருந்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்து ஆறிப்போனது.

"அந்த கேப்சூல் ஃபெயில் ஆகல" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன், தாமரைக்குப் பதின்மூன்று வயது. அப்போது மாதத்துக்கு மூன்று நான்கு முறைதான் வலிப்பு வரும். அதுவும் நிற்க வேண்டும் என்று அக்கா தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம், வீட்டில் மூன்று பேருக்கும். மாலை போட்ட அன்று கோயிலில் யாரோ பேச்சுவாக்கில், கேப்சூலின் மேல்கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்றார்கள். வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைப் பார்த்தார். ஜெலட்டின் என்று போட்டிருந்தது. தொழிற்சாலையில் யாரிடமோ கேட்டார். ஆமாம் என்றார்கள்.

"புள்ளைக்கு வலிப்பு நிக்கணும்னுதான் விரதமே. அந்த விரதத்துல எலும்பை வாயில போட்டா விரதம் என்னத்துக்கு? நாப்பத்தெட்டு நாள்தானே, சாமி பார்த்துக்கும்னு நிறுத்திட்டேன். யார்கிட்டயும் கேக்கல. இவருக்குக்கூட அப்புறம்தான் தெரியும்."

பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் வந்த வலிப்பு நாற்பது நிமிடம் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் ஓடிக்கொண்டே மலாயில் கேட்டார்: மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாளா?

"ஆடா, டாக்டர். ஆடா மாக்கான்." சாப்பிட்டாள் என்ற அந்தப் பொய்யை அக்கா எனக்கு அதே மலாயில், அதே அவசரத்தில் சொல்லிக் காட்டினார். "சாப்பிட்டும் வந்துச்சுன்னா மருந்து சரியில்லன்னு அர்த்தம். அதை மாத்திட்டாங்க. வேற மாத்திரை. அன்னைக்கிலேர்ந்து இவளுக்கு மாசம் பதினெட்டுக்குக் கொறஞ்சு வந்ததே இல்ல. நோய் முத்திப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னேன்."

"தாள்ல என்ன எழுதினீங்க?"

"உள்ளதைத்தான். பன்னெண்டு நாளும், கேப்சூல் இல்லை, விரதம்னு." கண்ணைத் துடைத்தார். "வாயால பொய் சொல்லிட்டேன். தாள்ல எழுத வரல."

அப்படியென்றால் அந்தத் தாள்கள் டாக்டர் கைக்குப் போனால் விண்ணப்பம் போகாது. ஒழுங்காகக் கொடுத்துத் தோற்ற மருந்து ஒன்றுதான், இரண்டல்ல. பழைய கேப்சூலை முதலிலிருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எத்தனை மாதமோ. அதுவரை தாமரை விழுந்துகொண்டே இருப்பாள்.

வீட்டில் லோகன் அண்ணனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "பன்னெண்டு தாள்தானே? நான் எடுத்து எரிச்சுடறேன். நீ பாக்கக்கூட வேணாம். ஆயிரக்கணக்குல இருக்குறதுல பன்னெண்டை எவன் எண்ணப்போறான்?"

"நான் எண்ணுவேன்."

"இது உன் கையுறை இல்ல வள்ளி. நம்ம புள்ள."

"அதனாலதான்."

நானும் அண்ணன் பக்கம்தான் நின்றேன் என்பதை எழுதிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் நடந்தது, யாருக்கும் கேடில்லை, மருந்து வந்தால் போதாதா என்று நானும் சொன்னேன். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முன்னறைத் தரை முழுவதும் தாள்கள். சோபாவை வெளி நடையில் தள்ளிவிட்டிருந்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். விரதத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் ஒரு வரிசை, பிந்தைய பன்னிரண்டு மாதம் ஒரு வரிசை. வலிப்பு வந்த நாள்களின் தாளை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தார். எதையும் படிக்கத் தேவையில்லை. மேல்வரிசையில் இங்கொன்றும் அங்கொன்றும். கீழ்வரிசையில் பாதிக்குமேல் கவிழ்ந்து கிடந்தன.

"பார்த்தியா? கேப்சூல் வேலை செஞ்சிருக்கு" என்றார். "இந்தத் தாளை எரிச்சா கஞ்சா மருந்து வரும். ஆனா இவளுக்கு அந்த கேப்சூல் ஆயுசுக்கும் வராது. ஃபெயில்னு எழுதின மருந்தை எந்த டாக்டர் திரும்பக் குடுப்பாங்க?"

தாமரை தலைக்கவசத்தோடு சுவரில் சாய்ந்து நின்றாள். "என்ன கேப்சூல்?"

அக்கா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நிறுத்தியது தான்தான், பொய் சொன்னதும் தான்தான் என்றார். அண்ணன் வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தாமரை தரையில் கவிழ்ந்துகிடந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு, "அப்போ கறிபாப்னால இல்லையா?" என்றாள்.

"என்ன கறிபாப்?"

"அன்னைக்கு சாயந்திரம் பாசார் கடையில, உள்ளே சார்டின் மீன் வெச்சுப் பொரிச்ச கறிபாப் தின்னேன். விரதத்துல. அதுக்கப்புறம்தான் விழுந்தேன். சாமி தண்டிச்சிட்டாருன்னு நினைச்சேன். ஆறு வருஷமா முருகன்கிட்ட ஸாரி கேட்டுட்டு இருக்கேன்மா நான்."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. "பாசாருக்கு நீ தனியா போகலையே. யாரு வாங்கிக் குடுத்தது?"

தாமரை அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "அவரு ரெண்டு தின்னாரு."

"புள்ள அழுதுச்சு லா!" என்றார் அண்ணன் திரும்பாமலே. "சின்னப் புள்ள. கத்திரிக்காயே எத்தனை நாள் திங்கும்?"

முதலில் சிரித்தது தாமரைதான். பிறகு அக்கா. சிரிப்பு நடுவிலேயே அழுகையாகி, தாள்கள் நனையாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அம்மாவின் தோளில் கவசத்தை இடித்தாள். "போய்ச் சொல்லிடுமா. எனக்கு அந்தக் கறிபாப் பாரம் எறங்கிடுச்சு. உன்னோடதையும் எறக்கிடு. இன்னும் கொஞ்ச மாசம் விழறேன், எனக்கென்ன புதுசா?"

டாக்டர் ஜோஆன் பன்னிரண்டு தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்துச் சொன்னது அதைவிடக் கடுமையாக இருந்தது. "அதே மருந்து சிரப்பாவும் இருக்கு அக்கா. அப்பவும் இருந்துச்சு. ஜெலட்டின் வேணாம், விரதம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்க."

அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "கேக்கலாம்னே தோணல டாக்டர். சாமி விஷயத்தை டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நினைச்சேன்." பிறகு நிமிர்ந்தார். "இப்ப என்ன செய்யணும்?"

"நாலு மாசம். அந்த மருந்தை ஒழுங்கா, இப்ப இருக்கிற மாத்திரையோட சேர்த்துக் குடுக்கணும். ரத்தத்துல அளவு பார்க்கணும். நின்னா ரொம்ப சந்தோஷம். நிக்கலன்னா அப்ப அப்ளை பண்றேன்."

"நின்னா கஞ்சா மருந்து தேவையில்லை."

"தேவையில்லை."

"சரி" என்றார் அக்கா. இத்தனை வாரமாக ஒரு மருந்துக்காகக் கல்கத்தாவையும் பிரேசிலையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அந்த மருந்தே வேண்டாமல் போகட்டும் என்று அந்த நிமிடத்தில் வேண்டிக்கொண்டிருப்பார். கேட்டால் சொல்லமாட்டார்.

அந்த நான்கு மாதமும் அவர் காலை வேலைமுறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தொழிற்சாலை பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். அதற்குமுன் ஒரு வேளை சிரப், மாலை வந்து ஒரு வேளை. மதிய வேளைக்கு அண்ணன் லோரியை எங்கே நிறுத்தியிருந்தாலும் தாமரைக்கு அலைபேசியில் கூப்பிட்டு, குடிப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். "பாஸ், குடிச்சுட்டேன், நாக்கைக் காட்டவா?" என்று தாமரை நாக்கை நீட்டும் படம் அவர் தொலைபேசியில் நூற்றுக்குமேல் இருக்கிறது.

முதல் மாதம் பத்தொன்பது. அடுத்த மாதம் பதினாறு. மூன்றாவது மாதம் பதின்மூன்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான்காவது மாதமும் பதின்மூன்றே. ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தது. பழைய மூன்று நான்குக்கு அது திரும்பவில்லை. இந்த ஆறு வருடத்தில் மூளை வேறு வழியில் பழகிவிட்டிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை அக்கா சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார்.

"பதிமூணு பழைய இருபத்திரண்டைவிட நல்லது. ஆனா பதிமூணு பதிமூணுதான். இப்ப ரெண்டு மருந்து ஒழுங்கா குடுத்துப் பார்த்தாச்சு" என்று டாக்டர் விண்ணப்பத்தை எழுதினார். பன்னிரண்டு தாள்களின் நகலையும் சேர்த்தார். பாதுகாவலர் வாக்குமூலம் என்ற பக்கத்தில் அக்கா தன் கையாலேயே மலாயில் எழுதினார்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை மருந்தை நிறுத்தியது நான், மருத்துவரிடம் பொய் சொன்னதும் நான். இவ்வளவு எழுத வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியும் எழுதினார்.

"பழைய எண்ணிக்கையோட போயிருந்தா இன்னும் பரிதாபமா இருந்திருக்கும். சீக்கிரம் குடுத்திருப்பாங்க" என்றேன் திரும்பும்போது.

"பரிதாபத்துக்குக் குடுக்கிறது எனக்கு வேணாம்" என்றார்.

முதல் பதில் இன்னும் இரண்டு ஆவணம் கேட்டு வந்தது. அனுப்பினார்கள். அடுத்த பதில் தாமரையின் எடையை மறுபடி கேட்டது. அக்கா ஒவ்வொரு செவ்வாயும் பத்தே காலுக்கு, தேநீர் இடைவேளையில், அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏழாவது செவ்வாய் மறுமுனையில் இருந்த அதிகாரி பெயர் கேட்காமலே, மலாயில் மரியாதையாக, "புவான் அமுதவள்ளி?" என்றாராம். பதினோராவது செவ்வாய் அனுமதி வந்திருப்பதாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் பதிவு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கேட்டு அக்கா தொழிற்சாலை உணவகத்தில் வாய்விட்டுச் சிரித்ததை இன்னும் அங்கே சொல்கிறார்கள்.

மருந்து வந்தது. நல்லெண்ணெயில் கரைத்த தெளிந்த எண்ணெய், ஸ்ட்ராபெரி வாசனை. தாமரை நாக்கைச் சப்பினாள். "இதுக்கா ஊரே பயப்படுது? கேக்குல ஊத்தற எசன்ஸ் மாதிரி இருக்கு." முதல் வாரம் தூங்கித் தூங்கி விழுந்தாள், சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் அளவைக் குறைத்து மெல்லக் கூட்டினார். நாலு வாரத்தில் வலிப்பு ஒன்பது. எங்கள் யாருக்கும் துள்ளத் தோன்றவில்லை. ஒன்பது என்பது பூஜ்யம் இல்லை. ஆனால் அந்த நாலு வாரத்தில் ஒரு முறைகூட அவள் சரிந்து விழவில்லை. அண்ணன் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தடை போட்டிருக்கிறார்.

அதற்குள் தைப்பூச விரதம் தொடங்கும் நாள் வந்தது. மாலை போட்டுக்கொள்ள எங்கள் கோயிலில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். பூசை முடிந்து, கோயில் தலைவர் தைப்பூசப் பயணத்துக்கான பஸ் விவரம் சொல்லி முடித்ததும் அக்கா முன்னால் போய் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். அவர் பொது இடத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அமுதவள்ளி, மூணாவது மாடி. விரதத்துல யாரும் உங்க இஷ்டத்துக்கு மருந்தை நிறுத்தாதீங்க. கேப்சூல்ல எலும்பு இருக்குன்னு நான் நிறுத்தினேன். என் புள்ளைய ஆறு வருஷம் கீழே தள்ளினது நான்தான். டாக்டர்கிட்ட கேளுங்க. மாத்தித் தருவாங்க. வெட்கப்படாம கேளுங்க."

பின்வரிசையில் பஜனைக் குழுவின் உஷாராணி, காதில் விழும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "புள்ளைக்குக் கஞ்சா ஊத்தறவ வந்து நமக்கு விரதம் சொல்லித் தரா."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. ஒலிவாங்கியைத் தாழ்த்தவில்லை. "ஆமா உஷா, ஊத்தறேன். காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. கவர்மெண்ட் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. வீட்டுக்கு வா, பெர்மிட்டைக் காட்டறேன். மருந்தை மட்டும் கேக்காத, அது அளந்து வருது."

சிரிப்பு அலையாக எழுந்தது. உஷாராணியும் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

செருப்பு போடும் இடத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். நல்லம்மாள், பக்கத்து புளோக். கைப்பையிலிருந்து ஒரு மருந்து அட்டையை எடுத்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாதி சிவப்பு, பாதி வெள்ளைக் கேப்சூல்கள்.

"இருதயத்துக்குன்னு குடுத்தது. நாளையிலேர்ந்து நிறுத்திடலாம்னு இருந்தேம்மா."

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் போய் அட்டையைத் திருப்பிப் படித்தார். "நிறுத்தாதீங்க ஆன்டி. இன்னைக்கு ராத்திரியும் போடுங்க. கிளினிக் எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"

"எட்டு மணிக்கு."

"நாளைக்கு எனக்கு லீவு. ஏழரைக்குக் கீழே வந்து நில்லுங்க."